குட்டை மரக் காட்டில் இத்தனை செடிகள் எங்கே இருக்கின்றன?

உங்கள் கேள்வியில் இரண்டு பாகம் இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கச் சோலைகளில் மரங்கள் குட்டையாக, கோணல்மாணலாக நிற்கின்றன. உயரம் ஏற ஏற மர இனங்களும் குறைகின்றன என்று படித்திருக்கிறீர்கள். அப்படியிருக்க, இந்தச் சோலைகளும் அடங்கும் மேகக்காடுகளைத் தாவர வளத்தின் களஞ்சியம் என்று ஏன் கொண்டாடுகிறார்கள் என்பது முதல் பாகம். ஆஸ்திரேலியச் சீகை (வாட்டில்) மரங்களை வெட்டிவிட்டுச் சோலைக் கன்றுகளை நட்டால் காடு திரும்பி வந்துவிடுமா என்பது இரண்டாவது. முதல் பாகத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டாவதற்கான பதிலில் பாதி அதற்குள் வந்துவிடும்.

நீங்கள் படித்தது சரிதான், மர இனங்கள் குறையத்தான் செய்கின்றன. ஈக்வடாரின் கிழக்கே அமேசான் தாழ்நிலத்தில் யசூனி என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே 25 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டிப் பார்த்ததில் சுமார் 1,100 மர இனங்கள் தேறின. அதே நாட்டில் ஆண்டிஸ் மலையேறி 3,000 மீட்டருக்குப் போனால் அதில் ஒரு சிறு பங்குகூடத் தேறாது. ஆல்வின் ஜென்ட்ரி என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இதற்கென்றே தென் அமெரிக்காவின் பல பகுதிகளுக்கும் போய் 0.1 ஹெக்டேர் அளவுள்ள துண்டுகளில் செடிகளை எண்ணினார். சுமார் 1,500 மீட்டருக்கு மேல் உயரம் கூடக்கூட இன எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே சீராகச் சரிகிறது என்று காட்டியவர் அவர். 1993இல் ஈக்வடாரில் ஆய்வுக்காகப் பறந்த சிறு விமானம் மேகம் மூடிய மலையில் மோதி இறந்துபோனார்.

ஆனால் ஜென்ட்ரியின் அளவுகோலைக் கவனியுங்கள். தரையில் வேரூன்றிய, தண்டு 2.5 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த செடிகளைத்தான் அவர் அந்தத் துண்டுகளில் எண்ணினார். மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆர்க்கிட் அதில் வராது. பெரணி வராது, பாசி வரவே வராது. அவற்றைத் தனியாக எண்ணிப் பார்த்தபோது படம் தலைகீழானது. மரத்தின் மேல் தொற்றி வாழும் செடிகளும், குறுஞ்செடிகளும், புதர்களும் தாழ்நிலத்தில் உச்சம் தொடுவதில்லை. நடு உயரங்களில், மேகம் வந்து மோதும் பட்டையில்தான் உச்சம் தொடுகின்றன. இதையும் எழுதியவர்கள் ஜென்ட்ரியும் அவருடைய கூட்டாளி கலாவே டாட்சனும்தான். உலகில் தண்டும் நரம்பும் உள்ள செடி இனங்களில் பத்தில் ஒன்று தொற்றுச்செடி. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்க்கிட். ஈக்வடார் என்ற சிறிய நாட்டில் மட்டும் 4,000க்கு மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் உண்டு. அதில் பெரும் பங்கு ஆண்டிஸ் சரிவுகளின் மேகக்காட்டில்தான் இருக்கிறது. ஆக, அடிமரத்தை மட்டும் எண்ணுகிறவனுக்கு இந்தக் காடு ஏழைக் காடாகத்தான் தெரியும்.

சரி, மேகக்காடு என்று எதைச் சொல்கிறோம்? இத்தனை மீட்டருக்கு மேலே என்று ஒரே கோடு போட முடியாது. மேகம் வழக்கமாக எந்த உயரத்தில் வந்து மலையில் முட்டுகிறதோ அங்கேதான் அந்தக் காடு. ஆண்டிஸ் மாதிரி பெரிய தொடரில் 2,000 மீட்டருக்கு மேலே போக வேண்டியிருக்கும். கடலோரத்தில் தனியாக நிற்கும் சின்னக் குன்றில் 700, 800 மீட்டரிலேயே வந்துவிடும். மலேசியாவின் சபா மாநிலத்தில் குனுங் சீலாம் என்ற குன்றின் மொத்த உயரமே 884 மீட்டர்தான், ஆனாலும் உச்சியில் பாசி போர்த்திய குட்டைக்காடு நிற்கிறது. பெரிய மலைத்தொகுதி வெயிலை வாங்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் சூடாக்கிக்கொள்கிறது, அதனால் மேகம் மேலே தள்ளிப்போகிறது. சின்னக் குன்றுக்கு அந்தச் சக்தி இல்லை. நம் பக்கம் நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகியவற்றில் சுமார் 1,500, 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் சோலைகளும், இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியைச் சுற்றிய காடுகளும் இந்த வகைதான். உலகத்து மேகக்காடுகள் அத்தனையையும் சேர்த்தால் நிலப்பரப்பில் 0.4 விழுக்காடு வரும் என்று 2021இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. அவ்வளவுதான்.

சோலையின் அமைப்பை நீலகிரியை வைத்தே சொல்கிறேன். எதிர்ச் சரிவில் நின்று பார்த்தால் மரத்தலைகள் காலிஃப்ளவர் பூப்போல நெருக்கமாக, உருண்டை உருண்டையாகத் தெரியும். அதற்கு மேலே தலைநீட்டும் மரம் ஒன்றுகூட இருக்காது. தாழ்நில மழைக்காட்டில் 40, 50 மீட்டர் மரங்கள் மூன்று நான்கு அடுக்காக நிற்கும். சோலையில் 15 மீட்டர் மரமே நல்ல உயரம், முகட்டுக்குப் பக்கத்தில் அதில் பாதிதான். மரங்களுக்கு இரண்டு அடுக்கு, கீழே ஒரு புதர் அடுக்கு, அத்தோடு சரி. பலகைபோல விரியும் பெரிய தாங்குவேர்களையும் தொடை தடிமன் உள்ள கொடிகளையும் இங்கே தேட வேண்டாம். இலைகள் சின்னவை, தடித்தவை, தோல் மாதிரி இருப்பவை. தாழ்நில மழைக்காட்டு இலைக்கு நீரை வடித்துவிட நீண்ட கூர்நுனி இருக்கும். மேலே போகப்போக அந்த நுனி மழுங்கிப்போகிறது. மரங்கள் என்று பார்த்தால் நாவல் குடும்பத்து சிசிஜியம் இனங்கள், லவங்கப்பட்டைக் குடும்பத்து லிட்சியா, சின்னமோமம், காட்டுச் செண்பகம், ருத்ராட்சக் குடும்பத்து எலியோகார்பஸ், ஐலெக்ஸ், சிம்ப்ளோகஸ். பிப்ரவரி, மார்ச்சில் கொழுந்து விடும்போது சோலை முழுக்கச் செம்பும் இளஞ்சிவப்புமாக மாறும். சோலைக்குப் போக நேரம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்த மாதங்களைத்தான்.

புதர் அடுக்கைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருப்பவை குறிஞ்சியின் உறவினங்கள். புல்வெளியில் 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி எல்லாருக்கும் தெரியும், 2006இலும் 2018இலும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். சோலைக்கு உள்ளே நிழலில் வளரும் ஸ்ட்ரோபிலாந்தஸ் இனங்களிலும் பல, ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்து ஒரே நேரத்தில் பூத்துக் கூண்டோடு செத்துவிடும். அந்த ஆண்டு காட்டின் அடித்தளத்துக்குத் திடீரென்று வெளிச்சம் கிடைக்கும். அதுவரை இருட்டில் இரண்டு இலையோடு காத்துக்கிடந்த மரக்கன்றுகளுக்கு அதுதான் வாய்ப்பு. மரங்களின் அடுத்த தலைமுறை எப்போது எழும்பும் என்பதில் ஒரு புதருக்கும் பங்கு இருக்கிறது.

மரங்கள் ஏன் குட்டை என்பது பெரிய வழக்கு. காற்றுதான் காரணம் என்பார்கள்; முகட்டு மரங்களைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் காற்று மறைவான இடத்திலும் மேகக்காட்டு மரம் தாழ்நில மரத்தின் உயரத்தை எட்டுவதில்லை. குளிர் என்றால், 884 மீட்டர் சீலாம் குன்றில் அப்படியொன்றும் குளிர் இல்லை. மேகம் வெயிலை மறைப்பதால் ஒளிச்சேர்க்கை குறைகிறது என்பது ஒரு வாதம். காற்றில் ஈரம் நிரம்பியிருப்பதால் இலையிலிருந்து நீர் ஆவியாவது மந்தமாகிறது, வேரிலிருந்து மேலே நீரும் சத்தும் ஏறுவதும் மந்தமாகிறது என்பது இன்னொன்று. பீட்டர் கிரப் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1977இல் மண்ணைக் கைகாட்டினார். குளிர்ந்து நனைந்து கிடக்கும் மண்ணில் சருகு சீக்கிரம் மக்குவதில்லை. மக்காத சருகில் தழைச்சத்து (நைட்ரஜன்) பூட்டிக் கிடக்கிறது. வேருக்கு மூச்சுவிடக் காற்றும் போதவில்லை. என் வாக்கு பெரும்பாலும் இந்தக் கட்சிக்குத்தான். உள்ளதைக் கொண்டு மரம் உயரத்துக்குப் போவதைவிட வேருக்கும் தடித்த இலைக்கும் அதிகம் செலவழிக்கிறது. அந்த இலையும் லேசில் உதிர்வதில்லை, உதிர்ந்தாலும் லேசில் மக்குவதில்லை. சத்துக்குறைவு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது. அதற்காகக் காற்றையும் வெளிச்சத்தையும் தள்ளிவிட வேண்டியதில்லை, இடத்துக்கு இடம் பங்கு மாறும்.

இந்தக் குட்டையும் கோணலும்தான் தொற்றுச்செடிகளுக்கு வசதி. நேராக 30 மீட்டர் வழுவழுவென்று போகும் மரத்தில் உட்கார இடம் ஏது? சோலை மரம் இடுப்பு உயரத்திலேயே கவையாகப் பிரியும், பக்கவாட்டில் சாயும், முண்டும் முடிச்சுமாக இருக்கும். கோத்தகிரியில் லாங்வுட் சோலை நடைபாதைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் யாரும் பார்க்கலாம். ஒரு பழைய சிசிஜியம் மரத்தின் முதல் கவைக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றாலே போதும். பட்டையே தெரியாத அளவுக்குப் பாசி. அதை விரலால் மெதுவாக ஒதுக்கினால் மூன்று நான்கு வகையாகப் பிரியும். சில நிஜமான பாசி, சில ஈரலுருத்தாவரம் என்று பாடப்புத்தகம் சொல்லும் தட்டையான சங்கதி. அதற்கு நடுவே கண்ணாடித்தாள் மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு குட்டிப் பெரணி தொங்கும், ஹைமனோஃபில்லம். அதன் இலையின் தடிமன் ஒரே ஓர் உயிரணு. இலைத்துளை கிடையாது, மேற்பூச்சும் பேருக்குத்தான். ஈரம் நின்றால் சில மணி நேரத்தில் சுருண்டுவிடும், மஞ்சு வந்தால் மறுபடி விரியும். கவையின் மேல்பக்கம், மக்கு சேர்ந்த இடத்தில், பச்சைக் குமிழ்களோடு சீலோஜினி ஆர்க்கிட். அதற்குப் பக்கத்தில் மிளகுக் குடும்பத்துப் பெப்பரோமியா, சாறு நிறைந்த சின்ன இலைகளோடு. வெளிச்சம் படும் நுனிக்கிளைகளில் சாம்பல் பச்சையில் தாடி மாதிரி தொங்குவதும், தகடு தகடாக ஒட்டியிருப்பதும் லைக்கன்கள். பூஞ்சையும் ஆல்கா என்ற நுண்பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர்கள். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி இந்தத் தகடு வகைதான். மளிகைக் கடையில் பொட்டலமாக வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது மலைமரத்துப் பட்டையிலும் பாறையிலும் இருந்து சுரண்டி வருவது என்று தெரியுமோ. மெதுவாக வளரும் உயிர் அது.

பாசிக்கு இவ்வளவு தண்ணீர் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை. மேகம் காட்டின் ஊடாகப் போகும்போது இலை, கிளை, பாசி, லைக்கன் இழை எல்லாவற்றிலும் நுண்துளிகள் படிந்து, சேர்ந்து, சொட்டுகின்றன. மழைமானியில் இது விழாது. ஈரமான மேகக்காடுகளில் இப்படிக் கிடைப்பது ஆண்டு மழையில் 5 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். காற்று நேராக அடிக்கும் முகடுகளிலும் மழையில்லாத மாதங்களிலும் இந்தப் பங்கு இன்னும் கூடும். மழையில்லாத நாளில் சோலைக்குள் சொட்டுச் சத்தம் கேட்பதற்கு இதுதான் காரணம். சில மரங்கள் அந்த ஈரத்தை இலைவழியாகவே குடித்துவிடுகின்றன. பிரேசிலின் அட்லாண்டிக் கரை மலைகளில் டிரிமிஸ் பிராசிலியென்சிஸ் என்ற மரத்தைச் சோதித்தவர்கள், இலையில் ஏறிய மூடுபனி நீர் தண்டுவழியாகக் கீழே இறங்கி வேர்வரை போவதைக் கண்டார்கள். மண் காய்ந்திருக்கும்போது தண்ணீர் மேலிருந்து கீழே ஓடுகிறது!

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. பாசியும் செடியும் செத்து மக்கி, அதில் தூசியும் சருகும் சேர்ந்து, கிளைமேலேயே மண் உருவாகிறது. கறுப்பாக, தரைமண் மாதிரியே, மண்புழு சகிதம். நளினி நட்கர்னி என்ற ஆய்வாளர், அப்பா வழியில் இந்தியர், கயிறு கட்டி மரமேறி இதைப் பார்க்கப் போனார். அங்கே மரங்கள் தங்கள் சொந்தக் கிளையிலிருந்தே வேர் விட்டு, மேலே இருக்கும் அந்த மண்ணுக்குள் நுழைந்திருந்தன. தன்மேல் குடியிருப்பவர்கள் சேர்த்த சத்தை மரம் வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஒலிம்பிக் தீபகற்பத்திலும் வெப்பமண்டலக் காட்டிலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று 1981இல் அவர் வெளியிட்டார். பிறகு கோஸ்டாரிகாவின் மொண்டேவெர்டே மேகக்காட்டில் பல ஆண்டு உழைத்தார். அந்த முதிர்ந்த காட்டில் மரங்களின் மேல் இருக்கும் செடி, பாசி, மண் எல்லாம் சேர்ந்து, உலர் எடையில், ஒரு ஹெக்டேருக்கு 33 டன். பக்கத்தில் வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ந்த இளங்காட்டில் அதே கணக்கு 0.2 டன். இரண்டிலும் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் பச்சைதான். இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வையுங்கள், உங்கள் இரண்டாவது கேள்விக்கு வேண்டியிருக்கும்.

சத்துக்குறைவு எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. போர்னியோ மலைகளின் பாசிக்காட்டில் நெப்பந்தஸ் லோவீ என்ற குடுவைத்தாவரம் இருக்கிறது. பூச்சி பிடிக்கும் செடி என்றுதான் நினைப்போம். முதிர்ந்த செடியின் மேல் குடுவைகள் பூச்சி பிடிப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டன. மூடியின் அடியில் இனிப்பான ஒரு கசிவு ஊறும். அதை நக்க, அணில் மாதிரி இருக்கும் மரமூஞ்சூறு ஒன்று குடுவையின் விளிம்பில் ஏறி உட்காரும், உட்கார்ந்தபடியே உள்ளே எச்சமிடும். செடியின் இலையில் இருக்கும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் இந்த எச்சத்திலிருந்து வருகிறது என்று 2009இல் அளந்து சொன்னார்கள். கழிப்பறை நடத்திப் பிழைக்கும் செடி! தழைச்சத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு இல்லாத இடத்தில் இப்படியொரு ஏற்பாடு தோன்றியிருக்காது.

ஒரு மேகக்காட்டுக்கும் இன்னொன்றுக்கும் கடல் நடுவே இருந்தாலும் அமைப்பு ஒன்றுபோல இருக்கும், ஆட்கள் மட்டும் வேறு. நடு உயர ஆண்டிஸ் காடுகளில் மர இனங்களில் முன்னணியில் நிற்பது லவங்கப்பட்டைக் குடும்பம். நம் சோலைகளிலும் அந்தக் குடும்பம் முன்வரிசையில்தான். காப்பிக் குடும்பமும் காயாம்பூக் குடும்பமும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் அமெரிக்க மேகக்காட்டின் அடையாளமே கிளைதோறும் அன்னாசிச்செடி போல இலையடுக்கில் தண்ணீர் தேக்கி நிற்கும் புரோமீலியாக்கள். ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரே ஓர் இனத்தைத் தவிர அந்தக் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். நம்மிடம் அந்த வேலையில் கொஞ்சத்தைக் கூடை மாதிரி சருகு சேர்க்கும் பெரணிகள் செய்கின்றன. கோஸ்டாரிகாவில் ஓக் மரம் நிற்கும் உயரத்தில் நமக்கு ஓக் இல்லை. பதிலுக்கு இமயமலை உறவுகள் இருக்கின்றன: சிவப்புப் பூப் பூக்கும் ரோடோடென்ட்ரான், மஹோனியா, வலித்தைலத்துக்கு எண்ணெய் எடுக்கும் கால்தீரியா. இலங்கை இன்னொரு விதம். பெரும்பாலும் தாழ்நிலத்தில் வாழும் டிப்டெரோகார்ப் (குங்கிலிய மரக்) குடும்பத்து ஸ்டெமோனோபோரஸ் அங்கே சிவனொளிபாதமலைப் பக்கம் மலைக்காட்டுக்குள்ளேயே ஏறியிருக்கிறது. நம் சோலைகளில் அப்படி எதுவும் இல்லை.

இன்னொரு வகைப் பன்மை ஒரே இடத்தில் நின்று எண்ணினால் அகப்படாது. மேகக்காடு தீவு தீவாக இருப்பதால் மலைக்கு மலை இனம் மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காசித்தும்பை இனங்களைப் பாருங்கள். நூறுக்குக் குறையாத இனங்கள், பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை, பல ஒரே மலைத்தொகுதிக்குள் அடங்கியவை. அவற்றில் சில தரையை விட்டு மரத்தின் மேலேயே குடிபோய்விட்டன. எலியோகார்பஸ் பிளாஸ்கோய் என்ற மரம் பழனி மலைக்கு மட்டுமே சொந்தம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்து தென்னிந்திய மலைத்தாவரங்களை ஆராய்ந்த பிரான்சுவா பிளாஸ்கோவின் பெயர் அதற்கு. அழிந்துபோனது என்று நினைத்திருந்ததைக் கொடைக்கானல் பக்கம் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஈக்வடாரின் மேற்கே சென்டினெலா என்ற மேகம் தங்கும் முகட்டில் டாட்சனும் ஜென்ட்ரியும் 1970களின் கடைசியில் வேறெங்கும் இல்லாத செடிகள் பலவற்றைச் சேகரித்தார்கள். சில ஆண்டில் அந்தக் காடு வெட்டப்பட்டு வாழையும் மேய்ச்சலுமானது. ஒரு முகட்டோடு அத்தனை இனங்களும் போயின என்று உலகம் முழுக்கப் பாடம் நடத்தினார்கள். அங்கே கிடைத்த ஒரு பூச்செடிக்கு 2000இல் பெயர் வைத்தபோது 'கேஸ்டராந்தஸ் எக்ஸ்டிங்டஸ்' என்றே வைத்துவிட்டார்கள். எக்ஸ்டிங்டஸ் என்றால் அழிந்துபோனது, பெயரிலேயே மரண அறிவிப்பு. 2021இல் அதே வட்டாரத்தில் மிஞ்சிய காட்டுத்துண்டு ஒன்றில் அது ஆரஞ்சு நிறத்தில் பூத்துக்கொண்டிருந்தது. பழைய உலர்மாதிரிகளை எல்லாம் அலசி 2024இல் வந்த ஆய்வு, சென்டினெலாவுக்கு மட்டுமே உரியவை என்று நினைத்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே வேறிடத்திலும் இருக்கின்றன என்று காட்டியது. 'இங்கே மட்டும்' என்பது பல நேரம் 'இங்கே மட்டும் தேடினோம்' என்பதாக இருக்கிறது. அதற்காக ஆபத்து இல்லை என்றும் ஆகாது. மிஞ்சிய துண்டுகள் இருந்ததால்தான் அந்தச் செடி தப்பியது.

அப்புறம் புல்வெளி. சீகை பற்றிக் கேட்டதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. சோலை தனியாக இருப்பதில்லை. பள்ளத்தாக்கு மடிப்புகளில், ஓடையை ஒட்டிச் சோலை, மேலே திறந்த சரிவெல்லாம் புல். எல்லாம் ஒரு காலத்தில் காடாக இருந்து மனிதன் வெட்டியதால் புல்லானது என்று வெகுநாள் நம்பினார்கள். சூழலியலாளர் ரா. சுகுமாரும் சகாக்களும் நீலகிரியின் சதுப்புக் கரிமண்ணைத் தோண்டி, அதில் உள்ள கரிம ஐசோடோப்புகளை (எடையில் சற்றே மாறுபடும் கரிம அணுக்களை) வைத்து 20,000 ஆண்டு வரலாற்றைப் படித்து 1993இல் வெளியிட்டார்கள். மழை கூடிய காலத்தில் காடும், வறண்ட காலத்தில் புல்லும் மாறி மாறிக் கை ஓங்கியிருந்தது தெரிந்தது. ஆக, மாடு மேய்க்க மனிதன் வருவதற்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. இன்றைக்கு எல்லைக் காவல் செய்வது உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த புல்வெளி உறையும், சோலைக்குள் உறையாது. புல்லில் முளைத்த சோலைக்கன்று அந்த இரவுகளைத் தாண்டுவது அபூர்வம். ரோடோடென்ட்ரான் மட்டும் அங்கே தனிமரமாக நிற்கும், தடித்த பட்டையோடு. அதே உறைபனியில் ஆஸ்திரேலியச் சீகைக் கன்று பிழைத்துக்கொள்கிறது என்பதை 2020இல் வெளியான நீலகிரி சோதனை காட்டியது. விளைவு கண்முன்னே இருக்கிறது. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது, பெரும்பாலும் தோட்டமரங்களுக்கும் விவசாயத்துக்கும். புல்வெளியைத் தரிசு என்று எழுதி மரம் நட்ட காலத்தின் பில் அது. இன்றும் மலைப் புல்வெளியில் மரநடு விழா நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கன்று நட்டால் மரம் வரும், அதில் சந்தேகமில்லை. சோலை நாற்றுப்பண்ணைகள் இதை நன்றாகச் செய்கின்றன. ஆனால் நட்ட இடம் முதலில் புல்வெளியாக இருந்தது என்றால் அங்கே சோலைக்கன்று வைப்பதும் தப்பு. புல்லைத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். இடம் பழைய சோலை நிலம்தான் என்றால், சீகையை ஒட்டுமொத்தமாக ஒரே மூச்சில் வெட்டாதீர்கள். வயதான சீகைத் தோப்பின் நிழலில், பக்கத்தில் சோலை இருந்தால், பறவை போட்ட விதையில் சோலைக்கன்றுகள் தாமாகவே முளைத்து நிற்பதைப் பழனி மலையில் பல இடத்தில் பார்க்கலாம். அவற்றுக்கு அந்த நிழல் வேண்டும். அதைத் திறந்துவிட்டால் உறைபனியும் இறங்கும், சீகை விதையும் முளைக்கும். அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தீ வைத்தால் இன்னும் குஷியாக முளைக்கும். போதாக்குறைக்குச் சீகை பயறு குடும்பம், வேரில் நைட்ரஜன் சேர்க்கும். தழைச்சத்துத் தட்டுப்பாட்டிலேயே பழகிய காட்டின் மண்ணை அது ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கும்.

நட்ட மரம் பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மொண்டேவெர்டேயின் 33 டன்னும் 0.2 டன்னும் ஞாபகம் இருக்கிறதா? நட்கர்னி அங்கே கிளைகளைச் சுரண்டிவிட்டு எவ்வளவு நாளில் பாசி திரும்புகிறது என்று பத்தாண்டு கவனித்தார். முதல் சில ஆண்டுகள் கிளையின் மேல்பக்கம் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது, முதலில் ஒட்ட ஆரம்பித்தது அடிப்பக்கத்தில்தான். பத்தாண்டு முடிவிலும் பழைய போர்வை வந்திருக்கவில்லை. அது, சுற்றிலும் முதிர்ந்த காடு விதையும் வித்தும் தூவிக்கொண்டிருக்கும் இடத்தில். நாம் நடும் கன்றுக்கு முதலில் கிளை வர வேண்டும், கவை விழ வேண்டும், பட்டை சொரசொரப்பாக வேண்டும், பக்கத்தில் பழைய மரம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

மேகமும் வர வேண்டும். 2001இல் வந்த ஓர் ஆய்வு, கோஸ்டாரிகாவின் தாழ்நிலத்தில் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கியதால் அங்கிருந்து எழும் காற்று சூடாக, உலர்வாக வந்து மேகத்தின் அடிமட்டத்தை மேலே தூக்குகிறது என்று காட்டியது. மலையில் ஒரு மரத்தையும் தொடாமலேயே மேகக்காட்டின் கழுத்தைப் பிடிக்கலாம் என்று அர்த்தம். ஹோர்ட்டன் சமவெளியில் கீன என்ற, புன்னைக்கு உறவான மரங்கள் பல பத்தாண்டுகளாக நுனியிலிருந்து காய்ந்து சாவதற்கு எது காரணம் என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

ஆகவே உங்களிடம் பணமும் ஆளும் கொஞ்சமாக இருந்தால் என் வரிசை இதுதான். முதலில், நிற்கிற பழைய மரங்களை விறகுக்கும் பாதைக்கும் வெட்டாமல் காப்பது, அவை செத்துச் சாய்ந்தாலும் அப்படியே விடுவது. அடுத்து, சோலை விளிம்பிலும் ஓடைக்கரையிலும் முளைக்கும் சீகைக் கன்றுகளை, கையால் பிடுங்க முடிகிற வயதில், ஆண்டுதோறும் பிடுங்குவது. பழைய சீகைத் தோப்பில் கீழே சோலைக்கன்று இருந்தால், அது தலைக்கு மேல் வளரும்வரை காத்திருந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக மட்டும் வெட்டுவது. நாற்று நடுவது கடைசி. அதையும் மிஞ்சிய சோலையை ஒட்டி, அதே மலையின் விதையிலிருந்து எடுத்த கன்றாக நடுங்கள். நீலகிரிக் கன்றைப் பழனிக்குக் கொண்டுபோக வேண்டாம்.